வர்த்தமானியிலிருந்து அரைப்பேர் வரை: கொழும்புத் தேயிலைச் சங்கிலியில் இடர் இறங்கிய வழி

2020இல் இலங்கை உற்பத்தி செய்த தேயிலை சுமார் 278 மில்லியன் கிலோ. 2021 மே மாதம் இரசாயனப் பசளைக்கும் பீடைநாசினிகளுக்கும் இறக்குமதித் தடை வந்தது. அந்த ஆண்டு உற்பத்தி குறையவில்லை, ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாகக் கூடியது. பசளை இல்லாமலே தேயிலை வளரும் என்று வாதாட நினைப்பவருக்கு அந்த ஓர் எண்ணே போதும். ஆனால் 2022இல் உற்பத்தி 251 மில்லியன் கிலோவுக்கு விழுந்தது. கால் நூற்றாண்டாக அவ்வளவு குறைந்த அறுவடையை நாடு கண்டதில்லை.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நடந்ததையும், அதற்கு முன்னும் பின்னும் கொழும்பின் தேயிலை வியாபாரம் வாங்கிய அடிகளையும் இந்த ஆய்வு பார்க்கிறது. காலம் 2015 முதல் 2024 வரை. சூழலுக்கு நல்லது, உடலுக்கு நல்லது, நீண்ட காலத்துக்கு நல்லது என்று சொல்லித் தொடங்கிய முடிவுகள்தான் இதில் பெரும்பாலும் வரும். அந்த நோக்கங்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் கேள்வி வேறு: முடிவு பிழைத்தால் நட்டத்தை யார் சுமப்பது என்று முடிவெடுத்த நாளில் யாராவது எழுதிவைத்தார்களா?

சரக்கு வரும் வழி

தேயிலை விளைவது மலையிலும் தெற்கிலும் சப்ரகமுவையிலும். அதன் விலையும் பணமும் பத்திரங்களும் கொழும்பில். முதல் ஏலம் 1883 ஜூலை 30ஆம் திகதி நடந்தது. அண்மைக்காலம் வரை நவம் மாவத்தையில் வர்த்தக சம்மேளனக் கட்டடத்தில் வாய்விட்டுக் கூவித்தான் விலை கேட்பார்கள். 2020 ஏப்ரலில், கொவிட் ஊரடங்குக்குள், சில நாட்களில் எல்லாம் கணினித் திரைக்கு மாறியது. 137 வருடப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறுமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நெருக்கடியில் வேகமாக மாறக்கூடிய துறை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இதைப் பின்னால் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் "எங்களால் உடனே மாற முடியாது" என்பது இத்துறையில் அடிக்கடி கேட்கும் பேச்சு.

சங்கிலியின் கீழ்ப்பகுதி இப்படி: நாட்டின் தேயிலையில் 70 வீதத்துக்கும் மேல் சிறுதோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது. அவர்கள் ஏறத்தாழ 4 இலட்சம் பேர், பலரிடம் ஓர் ஏக்கர்கூட இல்லை. மீதி, 1992க்குப் பிறகு தனியார் நிர்வாகத்துக்குப் போன பெருந்தோட்டக் கம்பனிகளிடமிருந்தும் அரசு தோட்டங்களிலிருந்தும். சிறுதோட்டக்காரரின் பச்சைக் கொழுந்தைச் சேகரிப்பவர் லொறியில் எடுத்துத் தொழிற்சாலைக்குக் கொடுப்பார். நாலரை முதல் ஐந்து கிலோ வரை பச்சைக் கொழுந்து போனால் ஒரு கிலோ தூள். தூள் பேலியகொடை, ஒருகொடவத்தை, வத்தளைப் பக்கக் களஞ்சியங்களுக்கு இறங்கும். எட்டுத் தரகர் நிறுவனங்கள் மாதிரி எடுத்து, சுவைத்து, பட்டியல் போட்டு ஏலத்தில் விடும். ஏற்றுமதியாளர் வாங்கிக் கலந்து பொதி செய்து துறைமுகத்துக்கு அனுப்புவார்.

ஏலத்தில் வரும் ஒவ்வொரு தொகுதிக்கும் தோட்ட முத்திரையும் இன்வொய்ஸ் இலக்கமும் உண்டு. ஆகவே கொழும்பிலிருந்து பின்னோக்கிப் போனால் தொழிற்சாலை வாசல் வரை சந்தேகமில்லாமல் போய்ச் சேரலாம். அந்த வாசலுக்கு அப்பால்தான் இருட்டு. நூற்றுக்கணக்கான வீட்டுக் கொழுந்து ஒரே வாட்டும் தொட்டியில் விழுகிறது. ஒருவர் தவறான மருந்தை அடித்திருந்தால் எல்லோருடைய தூளுக்கும் அந்த எச்சம் போகும். யார் அடித்தார் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

இந்தச் சங்கிலியில் பழைய, யாரும் "நிலைபேறு" என்று பெயர் வைக்காத இரண்டு இடர்க் காப்புகள் இருக்கின்றன. ஒன்று, ஏலத்தில் வாங்கியவர் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பணம் கட்டியாக வேண்டும். வளரும் நாடுகளில் விவசாயியை அழிப்பது பல நேரம் விலையைவிடக் காசு வரும் தாமதம்தான். வெளிநாட்டுக் கொள்வனவாளர் தொண்ணூறு நாள் கழித்துக் கட்டினாலும் தொழிற்சாலைக்கு அது தெரியாது. அந்த இடைவெளியை ஏற்றுமதியாளரும் அவரது வங்கியும் சுமக்கிறார்கள். இரண்டாவது, பச்சைக் கொழுந்துக்கான விலைச் சூத்திரம். ஏலத்தில் கிடைத்த வருமானத்தில் 68 பங்கு கொழுந்து தந்தவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு. விலை ஏறினாலும் இறங்கினாலும் இருவரும் சேர்ந்தே ஏறி இறங்குவார்கள். தொழிற்சாலைகளுக்குத் தரகர்கள் முற்பணம் கொடுப்பதையும் மூன்றாவதாகச் சேர்க்கலாம். ஆனால் அது தொழிற்சாலையைத் தரகரோடு கட்டிப்போடும் கயிறாகவும் இருப்பதால் அதை நான் முழுக் காப்பாகக் கணக்கெடுக்கவில்லை.

2015: களைநாசினியும் ஜப்பானும்

வடமத்திய மாகாண நெல் விவசாயிகளை வாட்டும், காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பெரிய அரசியல் விடயமாகியிருந்த காலம். அதற்குக் காரணமாகச் சந்தேகிக்கப்பட்ட கிளைபோசேட் களைநாசினி 2015இல் தடை செய்யப்பட்டது. நோய் நெல் வயல் பக்கம். தடையோ நாடு முழுவதற்கும், தேயிலைக்கும் சேர்த்து.

கிளைபோசேட் இல்லையென்றால் களை வளராமல் இருக்கப்போவதில்லை. கையால் களை பிடுங்க ஆள் வேண்டும். தோட்டத்தில் ஆள் குறைந்துகொண்டே வருகிறது, அடுத்த தலைமுறை கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டது. ஆகவே பல இடங்களில் எம்.சி.பி.ஏ. போன்ற வேறு களைநாசினிகளைப் பிடித்தார்கள். ஜப்பானில் 2006 முதல் ஒரு முறை இருக்கிறது: குறிப்பிட்ட மருந்துக்கு அந்தப் பயிரில் தனி வரம்பு வைக்கப்படாவிட்டால் 0.01 பி.பி.எம். (கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் எச்சம்) என்ற பொது வரம்பு தானாகவே பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதே 0.01தான் பொது வரம்பு. 2018 அளவில் இலங்கைத் தேயிலையில் எம்.சி.பி.ஏ. எச்சம் வரம்பைத் தாண்டியதாக ஜப்பானிலிருந்து முறைப்பாடுகள் வரத் தொடங்கின. அதே ஆண்டு நடுப்பகுதியில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபோசேட் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

ஒரு நச்சைத் தடுக்கப் போட்ட சட்டம், சந்தை ஏற்காத இன்னொரு நச்சைக் கொழுந்துக்குள் கொண்டுவந்து விட்டது. இதை அதிகாரிகளின் முட்டாள்தனம் என்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாற்று என்ன, அந்த மாற்றுக்கு ஜப்பானில், ஜெர்மனியில் வரம்பு என்ன என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை வேறு வேறு மேசைகளில் கிடந்தது. முதலாவது தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில். இரண்டாவது கொழும்பு ஏற்றுமதியாளர்களின் தர ஆய்வு அறைகளிலும் காலி வீதியில் தேயிலைச் சபையின் ஆய்வுகூடத்திலும். தடை எழுதிய மேசைக்கு இரண்டும் போய்ச் சேரவில்லை. வரம்பு விபரம் ஏற்றுமதியாளருக்குத் தெரியும், தொழிற்சாலைக்குப் பாதி தெரியும், கடையில் போத்தலைக் கேட்டு வாங்கும் சிறுதோட்டக்காரருக்குத் தெரியவே தெரியாது. எச்சம் கொழுந்துக்குள் புகுவது மட்டும் அவருடைய கையில்.

ஒரு வண்டு

2017 டிசெம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தற்காலிகத் தடை போட்டது. ஒரு சரக்கில் கப்ரா வண்டு என்ற, சேமித்த தானியத்தைத் தின்னும் பூச்சியைக் கண்டார்களாம். அந்த நேரம் இலங்கை அரசு அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடுகளைப் படிப்படியாகத் தடை செய்யப் போவதாக அறிவித்திருந்தது, அஸ்பெஸ்டஸ் பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து வந்தது. அஸ்பெஸ்டஸ் தடை தள்ளிப்போடப்பட்டது. தேயிலைத் தடை இரண்டு வாரத்துக்குள் நீங்கியது. ஒரு பக்கம் நல்ல நோக்கத்தோடு எடுக்கும் சுகாதார முடிவு, சம்பந்தமே இல்லாத இன்னொரு சங்கிலியில் வந்து இடிக்கும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் கிடைக்காது. மேலே போகலாம்.

2021: பத்து வருடத் திட்டம் ஒரே மாதத்தில்

2019 தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷவின் கொள்கைப் பிரகடனம் சேதன விவசாயத்துக்கு மாற பத்து வருடம் பேசியது. 2021 ஏப்ரல் இறுதியில் அமைச்சரவை முடிவு, மே 6ஆம் திகதி வர்த்தமானி. பத்து வருடம் சில நாட்களாகச் சுருங்கியது. பசளை இறக்குமதிக்கு ஆண்டுக்கு சுமார் 400 மில்லியன் டொலர் போகிறது என்று அப்போது சொல்லப்பட்டது. நாட்டின் டொலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. சுகாதாரம் வெளியில் சொன்ன காரணம், டொலர் பலரும் ஊகித்த காரணம். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

சேதனத் தேயிலை இலங்கைக்குப் புதிதல்ல. ஹப்புத்தளைப் பக்கம் இதல்கஸ்ஹின்னையில் 1980களிலிருந்தே செய்கிறார்கள். ஐரோப்பிய விதிகளின்படி தேயிலை போன்ற நீண்டகாலப் பயிரை மாற்ற மூன்று வருடம் வேண்டும். அந்த மூன்று வருடமும் விளைச்சல் குறையும், "சேதனம்" என்று எழுதி விற்கவும் முடியாது. ஆகவே மாற விரும்புகிறவர் அந்த இடைவெளிக்கான பணத்தை முதலில் தேடிக்கொள்வார். சான்றிதழ் உலகமே நட்டத்தை முன்கூட்டி ஒத்துக்கொண்டு கட்டிய நடைமுறை இது. 2021 வர்த்தமானியில் அந்த மூன்று வருடங்களும் இல்லை, அதற்கான பணமும் இல்லை. மாறி முடித்தவருக்கும் சான்றிதழ் கிடைக்கப்போவதில்லை, ஏனென்றால் சான்றிதழுக்குப் பதிவு, பரிசோதனை, கட்டணம் எல்லாம் வேண்டும்.

அப்புறம் பாரத்தின் கணக்கு. யூரியாவில் நைதரசன் 46 வீதம். நல்ல கூட்டெருவில் ஒன்று முதல் இரண்டு வீதம் வரை இருந்தால் பெரிய விடயம். ஒரு ஹெக்டேயருக்கு 100 கிலோ நைதரசன் போட வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். யூரியாவென்றால் 217 கிலோ, அதாவது நாலரை மூட்டை. ஒன்றரை வீதக் கூட்டெருவென்றால் ஏறத்தாழ ஆறரைத் தொன். நாலரை மூட்டையைத் தோளில் ஏற்றி மலைச்சரிவில் கொண்டுபோய்விடலாம். ஆறரைத் தொன்னுக்குப் பாதை வேண்டும், லொறி வேண்டும், டீசல் வேண்டும், தூக்க ஆள் வேண்டும். முதலில் அவ்வளவு கூட்டெரு நாட்டில் இருக்க வேண்டும். மண்ணியல் அறிஞர்கள் எழுப்பிய கேள்விகளை விடுங்கள், இது ஒரு சாதாரண போக்குவரத்துக் கணக்கு. கொழும்பில் கொள்கலன் அனுப்புகிற எந்த எழுதுவினைஞரும் பத்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்திருப்பார்.

வெளியிலிருந்து கொண்டுவரப் பார்த்தார்கள். சீன நிறுவனம் ஒன்றிடம் வாங்கிய சேதனப் பசளையின் மாதிரியில் தீங்கு செய்யக்கூடிய பற்றீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுத் தடுப்பு அதிகாரிகள் சொன்னார்கள். சுமார் 20,000 தொன்னோடு வந்த ஹிப்போ ஸ்பிரிட் கப்பல் இறக்க விடாமல் திருப்பப்பட்டது. பணம் கட்டாததற்காக மக்கள் வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. 2022 ஜனவரியில் 6.7 மில்லியன் டொலர் கட்டப்பட்டது, பசளை வராமலே. டொலரை மிச்சப்படுத்த எடுத்த முடிவின் வரவு செலவில் இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

2021 ஒக்டோபரில் பெருந்தோட்டப் பயிர்களுக்குத் தளர்வு, நவம்பர் கடைசியில் தனியார் இறக்குமதிக்கு அனுமதி. தடை ஏழு மாதம்கூட நிற்கவில்லை.

அப்படியானால் 2021இன் 299 மில்லியன் எப்படி வந்தது? தேயிலைச் செடி பல்லாண்டுப் பயிர். பசளையை நிறுத்திய மறுநாள் அது படுத்துக்கொள்ளாது. வருடத் தொடக்கத்தில் போட்ட பசளை மண்ணில் இருந்தது, களஞ்சியங்களில் கொஞ்சம் கையிருப்பு இருந்தது, அந்த ஆண்டின் முதல் பாதியில் மழையும் ஒத்துழைத்தது. பசியின் விளைவு பல மாதம் கழித்துத்தான் கொழுந்தில் தெரியும். அது தெரியத் தொடங்கிய நேரம் தடை நீங்கியிருந்தது. ஆனால் பசளை விலை கைக்கு எட்டாத இடத்துக்குப் போயிருந்தது: மானியத்தில் 1,500 ரூபாவுக்கு வாங்கிய 50 கிலோ மூட்டையின் இடத்தில், 2022இல் யூரியா மூட்டை 30,000 ரூபாவைத் தாண்டியது. உலகச் சந்தை விலையும், உக்ரைன் யுத்தமும், ரூபாவின் வீழ்ச்சியும் சேர்ந்த விலை அது. ஆகவே 2022இன் 251 மில்லியனை முழுக்கத் தடையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. தடை நீங்கிய பிறகும் வாங்க முடியாமல் போனதற்கும் அதில் பங்குண்டு.

இடர் கண்காணிப்புக்கு இதில் ஒரு கடினமான பாடம் இருக்கிறது. மாதாந்த உற்பத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆபத்து கடைசியாகத்தான் தெரியும். தொழிற்சாலைகளின் பசளை விற்பனைப் பதிவு, சிறுதோட்ட அதிகார சபையின் கள உத்தியோகத்தர் அறிக்கை, கத்தரிப்புக்குப் பிறகு துளிர்க்கும் வேகம், இவை ஆறு மாதம் முந்திப் பேசும். கொழும்பில் இவற்றை ஒழுங்காகக் கேட்டு வாங்கும் ஏற்றுமதியாளர் மிகக் குறைவு. எங்களுக்குப் பழகியது தேநீர்க் கோப்பை. அதில் வந்து விழும்போது கதை முடிந்திருக்கும்.

2022: டீசலும் டொலரும்

2022 மார்ச் தொடக்கம் வரை டொலர் 200 ரூபாவைச் சுற்றி நிறுத்தப்பட்டிருந்தது. விட்டதும் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நாடு இடைநிறுத்தியது. மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது.

தேயிலைத் தொழிற்சாலைக்கு மின்வெட்டு என்பது ஒரு நாள் வேலை தள்ளிப்போவதல்ல. பறித்த கொழுந்தைப் பல மணி நேரம் காற்று ஊதி வாட்ட வேண்டும், பிறகு உருட்டி, நிறம் மாற விட்டு, உடனே உலர்த்த வேண்டும். நடுவில் விசிறி நின்றால் அந்தத் தொட்டி தூளாகும், ஆனால் விலை போகாத தூளாகும். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. கொழுந்து லொறிக்கும் டீசல் இல்லை. ஜூலையில் எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்தது.

மறுபக்கம், உக்ரைன் யுத்தம் ரஷ்ய வாங்குநரின் பணம் வரும் வழிகளைச் சிக்கலாக்கியது. ஈரான் ஏற்கெனவே பொருளாதாரத் தடைக்குள். ஈரானுக்குத் தர வேண்டிய 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையாகத் தீர்ப்பதற்கு 2021 டிசெம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள், மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதி வீதம். பண்டமாற்று என்று சிரித்தவர்கள் உண்டு. என் கணக்கில் அது அந்தக் காலத்தின் மிகச் சில நல்ல இடர்த் தீர்வுகளில் ஒன்று: வங்கி வழி அடைபட்ட சந்தையில் ஏற்றுமதியாளருக்கு இங்கேயே ரூபாவில் காசு கிடைக்க வழி செய்தது.

2023 இறுதியிலிருந்து செங்கடல் தாக்குதல்கள். கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. கொழும்புத் துறைமுகத்துக்கு மாற்றுச்சரக்கு (இங்கே கப்பல் மாற்றி ஏற்றும் பிற நாட்டுச் சரக்கு) கூடியது, தேயிலை ஏற்றுமதியாளருக்குக் கப்பல் கூலியும் நாட்களும் கூடின. அதே துறைமுகம், ஒரே காரணம், ஒருவருக்கு இலாபம், மற்றவருக்கு நட்டம்.

இடர் போய்ச் சேர்ந்த இடம்

இப்போது கணக்கைக் கூட்டிப் பார்க்கலாம். 2022இல் உற்பத்தி முந்திய ஆண்டைவிட 16 வீதம் குறைந்தது. ஏற்றுமதி வருமானம் டொலரில் 5 வீதமளவுதான் குறைந்தது, சுமார் 1.32 பில்லியனிலிருந்து 1.26 பில்லியனுக்கு. தட்டுப்பாட்டால் தேயிலையின் டொலர் விலை ஏறியது ஒரு காப்பு.

ரூபாவில் பார்த்தால் படம் இன்னும் மாறும். கொழும்பு ஏலத்தின் ஆண்டுச் சராசரி கிலோவுக்கு 600 ரூபா சொச்சத்திலிருந்து இரட்டிப்பாகி 1,200ஐத் தாண்டியது. 68:32 சூத்திரம் அந்த ஏற்றத்தைச் சிறுதோட்டக்காரரிடம் கொண்டுசேர்த்தது. பசளை விலை அதில் பெரும்பகுதியைத் தின்றது, கொழுந்தும் குறைந்தது. ஆனாலும் ரூபா விழுந்த அடியை அவர் தனியாக வாங்கவில்லை. சூத்திரம் வருமானத்தைப் பங்கிட்டது. செலவைப் பங்கிடும் எதுவும் அதில் இல்லை, அதுதான் அதன் ஓட்டை.

ஆனால் தோட்டத் தொழிலாளி இந்தச் சூத்திரத்துக்குள் இல்லை. அவரது நாட்சம்பளம் 2021 மார்ச்சில் சம்பளச் சபை வழியாக 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைப் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோதும் 1,000தான். ஏல விலை இரட்டிப்பானபோதும் 1,000தான். 2024 மே தினத்துக்கு முதல் நாள் 1,700 என்று வர்த்தமானி வந்தது, கம்பனிகள் நீதிமன்றம் போயின, செப்டெம்பரில் 1,350 அடிப்படையும் உற்பத்தித்திறனுக்கு 350உம் என்று ஒரு தீர்வு வந்தது. மூன்றரை வருடம்.

அந்த 1,000கூட முழுதாகக் கையில் வருமா என்பது பறித்த கிலோவைப் பொறுத்தது. தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் ஒரு கிலோ அளவு இருக்கிறது. அதை எட்டினால் ஒரு பேர், அதாவது முழு நாட்சம்பளம். எட்டாவிட்டால் பல தோட்டங்களில் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். பசளை இல்லாத மலையில் கொழுந்து மெலிகிறது. அதே கிலோவுக்கு இன்னும் நீளமான நிரை ஏற வேண்டியிருக்கிறது. அளவைக் குறைத்தால் கம்பனிக்குச் செலவு கூடும், குறைக்காவிட்டால் தொழிலாளிக்கு அரைப்பேர். கொழும்பில் கையெழுத்தான வர்த்தமானி ஒன்று இத்தனை படி இறங்கி, பறிப்பவரின் அன்றைய பேரில் வந்து நின்றது. நடுவில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு தடுப்பு இருந்தது: ஏற்றுமதியாளருக்கு டொலர், தரகருக்குக் கமிஷன், தொழிற்சாலைக்கு 32 பங்கு, சிறுதோட்டக்காரருக்கு 68 பங்கு.

ஏற்றுமதியாளரின் மேசையில்

வாங்கும் கம்பனிகள் தங்கள் சங்கிலியில் மனித உரிமையும் சூழலும் மீறப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும் என்கிற ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதே வகையான ஐரோப்பிய ஒன்றியத்தின் உரிய கவனப் பணிப்புரை 2024 ஜூலையில் அமுலானது, நிறைவேற்றக் காலம் பின்னால். ஒன்றியத்தின் காடழிப்பு விதியில் தேயிலை இல்லை, இறப்பர் இருக்கிறது. இவற்றால் கொழும்புக்கு வருவது கேள்விக்கொத்து. தொழிலாளர் சம்பளம், மருந்துப் பாவனை, நீர், சிறுவர் வேலை, எல்லாவற்றுக்கும் ஏற்றுமதியாளர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் தொழிற்சாலையிடம் ஒரு கையெழுத்து வாங்குவார், தொழிற்சாலை சேகரிப்பவரிடம். கையெழுத்து கீழே போகிறது, அதோடு பொறுப்பும் போகிறது. விலையில் ஒரு சதம் மாறாமல் பொறுப்பை மட்டும் கீழே அனுப்புவதை இடர் முகாமை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு சிக்கல்: இலங்கைத் தேயிலையின் பெரிய வாங்குநர்கள் ஈராக், ரஷ்யா, துருக்கி, ஐக்கிய அரபு இராச்சியம், ஈரான். அங்கே நிறமும் இலையும் பார்ப்பார்கள், ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் சான்றிதழின் தவளைச் சின்னம் கேட்பவர் குறைவு. தென்பகுதியில் விளையும் தாழ்நிலத் தேயிலை பெரும்பாலும் அந்தப் பக்கம் போகிறது. சான்றிதழுக்கான செலவைத் தாங்கும் மேலதிக விலை அந்தச் சந்தையில் இல்லை. ஐரோப்பாவுக்காக மட்டும் ஒரு தொழிற்சாலையை ஒழுங்குபடுத்தினால், அதன் தூளில் ஒரு பகுதிதான் ஐரோப்பா போகும், செலவோ முழுவதற்கும். சந்தையைப் பரவலாக்கு என்று அறிவுரை சொல்பவர்கள் இந்த மண்ணும் இந்த இலையும் எந்தக் கோப்பைக்குப் பொருந்தும் என்று முதலில் கேட்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? எச்சப் பரிசோதனையைக் கொழும்பிலிருந்து தொழிற்சாலைக்கு இறக்குவதை முதலில் வைப்பேன். துறைமுகத்தில் பிடிபட்டால் கொள்கலனே நட்டம். வாட்டும் தொட்டிக்கு முன்னால் பிடிபட்டால் ஒரு லொறிக் கொழுந்து நட்டம். ஒரு தொழிற்சாலையால் தனியாகச் செலவைத் தாங்க முடியாது. அதே தொழிற்சாலையிடம் தொடர்ந்து வாங்கும் ஏற்றுமதியாளர்கள் கிலோவுக்குச் சில சதம் போட்டால் தாங்கும். கூடவே, ஜப்பான், ஐரோப்பா ஏற்காத மருந்துகளின் பெயர்கள் சிங்களத்திலும் தமிழிலும் கொழுந்துச் சிட்டையின் பின்பக்கத்தில் அச்சாக வேண்டும். இதற்குச் செலவே இல்லை.

பசளை விடயத்தில் ஏலத்தின் ஒரு வாரப் பணம் போல ஒரு நடைமுறை தேவை. கொழுந்துப் பணத்தில் மாதாமாதம் சிறிது பிடித்து, தொழிற்சாலை மூலம் மண் பரிசோதனைக்கு ஏற்றபடி பசளை கொடுக்கும் முறை சில இடங்களில் இருக்கிறது. அதற்கு வங்கியின் முன்பணம் சேர்ந்தால் உலக விலை ஒரே பருவத்தில் மூன்று மடங்கானாலும் சிறுதோட்டக்காரர் பல பருவங்களில் அதைக் கட்டலாம். பசளையைக் குறைத்துக் கூட்டெருவைக் கூட்டுவதும் இதே வழியில்தான் நடக்கும்: ஒரு பகுதி நிலத்தில், மூன்று வருடத்தில், அந்த மூன்று வருட விளைச்சல் குறைவுக்கு வாங்குநரும் பங்கு போட்டு. வாங்குநர் பங்கு போட மறுத்தால் அவருக்குச் சேதனத் தேயிலை தேவையில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

மிகக் கடினமானது சம்பளம். நாட்சம்பளத்தை ஏல விலையோடு கட்டிவிடலாம் என்று கம்பனிகள் பல வருடமாகப் பேசுகின்றன, வருமானப் பங்கு முறை, வெளிவிளைவாளர் முறை என்று பெயர்கள் உண்டு. ஒரு குடும்பத்துக்குக் குறிப்பிட்ட செடிகளைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்துக்குக் காசு. 2022 போன்ற ஆண்டில் அது தொழிலாளிக்கு நல்லதாக இருந்திருக்கும், விலை விழும் ஆண்டில் அடியும் அவருக்கே. தொழிற்சங்கங்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது: செடி கையில் வந்தாலும் நிலம் கையில் வராது, லயத்து வீட்டுக்கும் உறுதிப்பத்திரம் இல்லை, ஊழியர் சேமலாப நிதிக்கு என்ன ஆகும் என்று தெளிவில்லை. சிறுதோட்டக்காரருக்குச் சூத்திரம் வேலை செய்வது அவரிடம் நிலம் இருப்பதால். அது இல்லாதவருக்கு இலாபத்தில் பங்கு என்று சொல்லி நட்டத்தில் பங்கு கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. ஆகவே அடிப்படைச் சம்பளம் ஒரு தரையாக நிற்க, அதன் மேலே ஏலச் சராசரி குறித்த அளவைத் தாண்டும் மாதங்களில் ஒரு பங்கு சேர்கிற ஏற்பாட்டைத்தான் நான் ஆதரிப்பேன். ஏலச் சராசரி ஒவ்வொரு வாரமும் கொழும்பில் பகிரங்கமாகவே வெளிவருகிறது, கணக்குப் போடப் புதிதாக ஒன்றும் வேண்டாம். கம்பனிகள் இதற்குச் சொல்லும் மறுப்பு, விலை குறையும் மாதங்களில் தரையைத் தாங்கும் பணம் எங்கே என்பது. பொறுப்புப் பத்திரங்களில் கையெழுத்துக் கேட்கும் வெளிநாட்டு வாங்குநரிடம்தான் அந்தக் கேள்வியைத் திருப்பி அனுப்ப வேண்டும். இதுவரை கூட்டு ஏற்றுமதியாளர் அமைப்பாக யாரும் அதை எழுத்தில் கேட்டு நான் பார்க்கவில்லை.